முதல் உல்லாசக் கப்பல் யாத்திரை: எந்தக் கப்பலில் ஏறுவது?

கப்பல் ஏறுவதென்றால் நம் முன்னோருக்கு அது சாமான்யமான காரியமன்று. பிழைப்பைத் தேடி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனவர்கள் ஏறினார்கள். பாரிஸ்டர் பரீட்சைக்காகச் சீமைக்குப் போனவர்கள் ஏறினார்கள். தோட்டக் கூலிகளாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த ஏழைகள் ஏற்றப்பட்டார்கள். போனவர் திரும்புவாரோ மாட்டாரோ என்று கரையில் நின்றவர்கள் கண்ணீர் விட்டார்கள். இக்காலத்திலோ, புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பி வருவதற்காகப் பணம் கொடுத்து மக்கள் கப்பலேறுகிறார்கள்! அவர்களுக்குப் போய்ச் சேரவேண்டிய ஊர் என்று ஒன்று இல்லை. கப்பலே ஊர், கப்பலே வீடு, கப்பலே திருவிழா.

இவ்வழக்கம் தோன்றியதும் ஒரு வேடிக்கையான கதை. ஜெர்மனியில் ஹாம்பர்க்-அமெரிக்கா கப்பல் கம்பெனியை நடத்திவந்த ஆல்பர்ட் பாலின் என்பவருக்கு ஒரு கவலை இருந்தது. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக் சமுத்திரத்தில் பிரயாணம் செய்ய ஆள் கிடைப்பதில்லை. பெரிய கப்பல்கள் வேலையின்றி நின்றன. 1891-ஆம் ஆண்டு ஜனவரியில் ‘அகஸ்டா விக்டோரியா’ என்ற கப்பலை, வெயில் காயும் மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பிரயாணமாக அனுப்பினார். 241 பிரயாணிகள் சுமார் இரண்டு மாதம் சுற்றி வந்தார்கள். இதற்கென்றே கட்டப்பட்ட முதற் கப்பலான ‘பிரின்ஸெஸின் விக்டோரியா லூயிஸ்’ 1900-இல் நீரில் இறக்கப்பட்டது. பிறகு 1958-இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டத் தொடங்கியதும், ஊர் போய்ச் சேருவதற்காகக் கப்பலேறும் கூட்டம் குறைந்தது. கப்பல் முதலாளிகள் உல்லாசப் பிரயாணத்தையே பிரதானத் தொழிலாகக் கொண்டார்கள். 1960, 70-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மயாமித் துறைமுகம் இத்தொழிலுக்குத் தலைநகராயிற்று.

ஓட்டல் பிடிக்காவிட்டால் மறுநாள் வேறு ஓட்டலுக்குப் போய்விடலாம். ரயில் பிடிக்காவிட்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடலாம். நடுக்கடலில் என்ன செய்வது? மேலும், சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தம் மனைவியுடன் போவதற்கோ, மகன் தன் வயதான தாய் தந்தையரை அழைத்துச் செல்வதற்கோ சேர்த்து வைத்த பணம் சில வருஷங்களின் சேமிப்பாக இருக்கும். அந்தப் பணத்தையும், அதைவிட அருமையான அந்தப் பெரியோர்களின் சந்தோஷத்தையும் வர்ண விளம்பரப் படம் ஒன்றைப் பார்த்துப் பணயம் வைக்கலாகாது. ஆகவே, முதன்முறை புறப்படுவோர் கவனிக்க வேண்டியவற்றை முறையாகப் பார்ப்போம்.

போகிறவர் யார்?

‘எந்த ஊருக்குப் போகலாம்?’ என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய முதற் கேள்வி, ‘யார் யார் போகிறோம்?’ என்பதே. உலகத்துக் கப்பல் கம்பெனிகளிற் பல, சில பெரிய குடும்பங்களைச் சேர்ந்தவை. கார்னிவல், பிரின்ஸஸ், ஹாலந்து அமெரிக்கா, கோஸ்டா, க்யூனார்டு முதலியவை ஒரே கார்னிவல் கார்ப்பொரேஷனின் கிளைகள். ராயல் கரீபியன், ஸெலிப்ரிடி, ஸில்வர்ஸீ ஆகியவை மற்றொரு குடும்பம். நார்வீஜியன், ஓஷியானியா, ரீஜண்டு மூன்றும் வேறொரு குடும்பம். ஜினீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.எஸ்.சி. தனியார் குடும்பம் ஒன்றின் சொத்து. ஆனால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குணமாகவா இருக்கிறார்கள்?

கார்னிவல் கப்பலில் ஆட்டமும் பாட்டும் அதிகம். ராயல் கரீபியனின் பெரிய கப்பல்களில் குழந்தைகளுக்கு நீர்ச்சறுக்கும், பனிச்சறுக்கு மண்டபமும் உண்டு. ஹாலந்து அமெரிக்காக் கப்பல்களில் வயது முதிர்ந்தோரும் அமைதியை நாடுவோரும் மிகுதி. க்யூனார்டில் சாயங்கால உடை விஷயத்தில் பழைய ஆசாரம் இன்னும் அனுஷ்டிக்கப்படுகிறது. வைகிங் கம்பெனியின் சமுத்திரக் கப்பல்களில் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு இடமில்லை. சூதாட்ட மண்டபமும் இல்லை. பேரக் குழந்தைகளோடு போக எண்ணிய தாத்தா அந்தக் கப்பலுக்குச் சீட்டு வாங்க முடியாது. சந்தடியை வெறுக்கும் தம்பதிகள் பள்ளி விடுமுறைக் காலத்தில் கரீபியன் கடலில் ஒரு பெரிய கப்பலில் ஏறினால், அவர்கள் பட்ட பாட்டைக் கப்பல்மேல் சுமத்துவது நியாயமாகாது.

கைக்குழந்தை உள்ளவர்கள், பெரும்பாலான கம்பெனிகள் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையை ஏற்பதில்லை என்பதை அறிய வேண்டும். பல நாள் தொடர்ந்து கடலிலேயே செல்லும் யாத்திரைகளுக்கு ஒரு வயது நிரம்பியிருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு 24 வாரம் என்பதே பொதுவான எல்லை. தனியாகப் போகிறவர்களிடம் ஓர் அறைக்குரிய இருவர் கட்டணத்தையும் வாங்கிவிடுவது வழக்கம். ஒருவருக்கென்றே அமைந்த சிறு அறைகளை நார்வீஜியன் கம்பெனி 2010-இல் தன் ‘எபிக்’ கப்பலில் வைத்தது. இத்தகைய அறை உண்டா என்று கேட்டுக் கொள்வது நலம்.

பெரிய கப்பலா, சிறிய கப்பலா?

2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் யாத்திரை புறப்பட்ட ‘ஐகான் ஆப் தி ஸீஸ்’ என்ற கப்பலின் அளவு 248,663 டன். 1912-இல் மூழ்கிய ‘டைட்டானிக்’கைப் போல் ஐந்து மடங்குக்கு மேல். ஒவ்வோர் அறைக்கும் இருவர் வீதம் 5,610 பேரும், நெருக்கிப் போனால் 7,600 பேரும் அதில் போகலாம். நம் நாட்டில் அநேக கிராமங்களின் ஜனத்தொகை அவ்வளவு இராது!

இங்கே ‘டன்’ என்பது எடையன்று. கப்பலின் உட்புற இடத்தின் கொள்ளளவைக் கொண்டு கணக்கிடும் எண் அது. அதைப் பிரயாணிகளின் தொகையால் வகுத்தால், தலைக்கு எவ்வளவு இடம் என்பது ஒருவாறு விளங்கும். ‘ஐகா’னுக்கு அது சுமார் 44. 149,215 டன்னும் 2,691 பிரயாணிகளும் கொண்ட ‘க்வீன் மேரி 2’ கப்பலுக்குச் சுமார் 55. முப்பதுக்குக் கீழே போனால் நெருக்கடி என்றும், நாற்பதுக்கு மேல் தாராளம் என்றும் கொள்ளலாம். விளம்பரத்தில் காணும் பளபளப்பான படங்களைவிட இந்தச் சிறு வகுத்தற் கணக்கு அதிக உண்மை பேசும்.

பெரிய கப்பலில் வேடிக்கைக்குக் குறைவில்லை. ஆனால் அது எல்லாத் துறைகளுக்கும் போக முடியாது. 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்கள் வெனிஸ் நகரத்தின் ஜியுடெக்காக் கால்வாயில் செல்லக்கூடாதென்று இத்தாலி தடுத்துவிட்டது. அண்டார்க்டிகாவில் 500 பிரயாணிகளுக்கு மேற்பட்ட கப்பல்கள் எவரையும் கரையில் இறக்குவதில்லை; சிறிய கப்பல்களும் ஒரு தடவைக்கு 100 பேரையே இறக்குகின்றன. சில துறைகளில் கப்பல் எட்டவே நங்கூரம் போட்டு, பிரயாணிகளைப் படகில் இறக்கிக் கரை சேர்க்கிறது. ஆடும் படகில் காலெடுத்து வைக்க வேண்டியதாகையால், முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு அது தொல்லை. ‘எந்தெந்தத் துறையில் படகு?’ என்று முன்பே கேட்டறிய வேண்டும்.

ஊர்ப் பெயரை நம்பலாமா?

யாத்திரைப் பட்டியலில் ‘ரோமாபுரி’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். கப்பல் நிற்பதோ சிவிடவெக்கியாவில்; அங்கிருந்து ரோமாபுரி சுமார் 70 கிலோமீட்டர். ‘பாரிஸ்’ என்றிருந்தால் லெ ஹாவ்ர் துறைமுகம். பாரிஸ் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரம். காலை எட்டு மணிக்கு இறங்கி மாலை ஐந்துக்குள் திரும்ப வேண்டியவர், பாரிஸைப் பார்ப்பதைவிடப் பாரிஸ் போகும் சாலையைத்தான் அதிகம் பார்ப்பார். ஆகையால் ஊர்களின் எண்ணிக்கையைக் கண்டு மயங்காமல், ஒவ்வொரு துறையிலும் கப்பல் எத்தனை மணி நேரம் நிற்கிறது, எத்தனை நாள் கடலிலேயே போகிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

பருவமும் முக்கியம். கரீபியன் பிரதேசத்தில் ஜூன் முதல் நவம்பர் வரை புயற்காலம். வங்கக் கடலில் ஐப்பசி, கார்த்திகையின் குணம் நமக்குத் தெரிந்ததே. கட்டணம் மலிவாகக் கிடைக்கும் மாதம் ஏன் மலிவாயிற்று என்று யோசித்த பிறகே பணம் கட்டலாம்.

அறையும் செலவும்

அறைகள் நான்கு வகை: ஜன்னலே இல்லாத உள் அறை, கடலைப் பார்க்கும் ஜன்னல் உள்ளது, பால்கனி உள்ளது, பெரிய அறைத் தொகுதி. பகல் முழுவதும் வெளியே சுற்றுகிறவர்களுக்கு உள் அறையே போதும். நடமாட்டம் குறைந்த பெரியவர்களுக்குப் பால்கனி வீண் செலவன்று. கடலை அவர்கள் உட்கார்ந்தபடியே காணலாம். தராசுக்கோலின் நடுப்பாகம் நிலையாக நிற்க, இரு முனைகளும் ஏறி இறங்குவது போலவே அலையில் கப்பலும் ஆடுகிறது. குமட்டலுக்கு அஞ்சுகிறவர்கள் கப்பலின் நடுப்பாகத்தில், கீழ்த்தட்டுகளில் அறை கேட்க வேண்டும். தூக்கம் வேண்டுவோர், மேலும் கீழும் அறைகளே உள்ள தட்டாகப் பார்க்க வேண்டும். தலைக்கு மேல் நடனசாலை அமைந்தால் இராத்திரி முழுவதும் சிவராத்திரிதான்.

விளம்பரத்தில் காணும் கட்டணம் முழுக் கட்டணமன்று. அறையும், பொதுப் போஜனசாலையிற் சாப்பாடும், பெரும்பாலான வேடிக்கைகளும் அதில் அடங்கும். மதுபானம், விசேஷ போஜனசாலைகள், இண்டர்நெட், கரைச் சுற்றுலா, வைத்தியர் கட்டணம் எல்லாம் வேறு. சிப்பந்திகளுக்கு இனாம் என்று அமெரிக்கக் கம்பெனிகள் தலைக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை கணக்கில் எழுதிவிடுகின்றன. நான்கு பேர் ஏழு நாள் போனால் அதுமட்டுமே 448 முதல் 560 டாலர் ஆகிறது. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், மலிவென்று தோன்றிய கப்பல் விலையுயர்ந்ததாகவும், எல்லாம் அடங்கிய கட்டணம் வாங்கும் கப்பல் மலிவாகவும் முடிவதுண்டு.

மரக்கறி உணவு உண்போர் வாய்வார்த்தையை நம்பாமல், சீட்டு வாங்கும்போதே எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும். இந்தியர் மிகுதியாகப் போகும் சிங்கப்பூர் யாத்திரைகளில் இது எளிது. மற்றக் கடல்களில் முன்கூட்டிச் சொன்னால்தான் சமைத்துத் தருவார்கள்.

அபாயமும் ஜாக்கிரதையும்

2012 ஜனவரி 13-ஆம் தேதி, இத்தாலியக் கரையோரம் ஜிக்லியோத் தீவருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் மாண்டனர். அன்று மாலை சிவிடவெக்கியாவில் ஏறிய பிரயாணிகளுக்கு அபாய காலப் பயிற்சி நடக்கவே இல்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதுமென்று அக்காலத்து விதி இருந்தது. அதன் பிறகே, கப்பல் புறப்படும் முன்னரோ புறப்பட்ட உடனேயோ அதை நடத்த வேண்டுமென்று விதி மாற்றப்பட்டது. அந்தப் பயிற்சியை அலட்சியம் செய்து அறையில் படுத்திருப்பவர்கள், 32 உயிர்களை விலையாகக் கொடுத்து உலகம் கற்ற பாடத்தைத் தள்ளிவிடுகிறார்கள்.

கப்பலில் எந்த நாட்டுக் கொடி பறக்கிறதோ அந்த நாட்டுச் சட்டமே அதில் செல்லும். அமெரிக்கரின் கம்பெனியானாலும் கொடி பனாமாவுடையதாகவோ பஹாமாஸுடையதாகவோ இருப்பது சகஜம். புராதனமான க்யூனார்டு கம்பெனிகூட 2011-இல் தன் கப்பல்களின் பதிவை பிரிட்டனிலிருந்து பெர்முடாவுக்கு மாற்றிக் கொண்டது. கப்பலிலேயே கலியாணம் நடத்தி வைக்க அங்குள்ள சட்டம் இடம் கொடுத்ததே அதற்குச் சொன்ன காரணம்! ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் உள்ளவற்றையும் படிக்க வேண்டுமென்பதற்கு இது ஒன்றே போதும்.

விஸா விஷயத்தில் நம்மவர்கள் இரட்டிப்பு ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். ஏதென்ஸில் புறப்பட்டுத் துருக்கித் துறை ஒன்றைத் தொட்டு ஏதென்ஸுக்கே திரும்பும் கப்பலில், திரும்புவதும் புதிதாக நுழைவதாகவே கணக்கு. ஒரே தடவை நுழையும் விஸா அங்கே பயன்படாது. மேலும், கப்பல் யாருக்காகவும் காத்திராது. ஆகாய விமானம் தாமதித்தால் கப்பல் போய்விடும். எனவே ஒரு நாள் முன்னதாகவே துறைமுகப் பட்டினம் போய்ச் சேர வேண்டும்.

முதல் அடி சிறிய அடியாகட்டும்

இவ்வளவையும் யோசித்த பிறகு நாம் சொல்லக்கூடிய ஆலோசனை இதுதான்: முதல் யாத்திரை மூன்று நான்கு இரவுகளுக்கு மேற்படாமல், அருகிலுள்ள துறைமுகத்திலிருந்து புறப்படுவதாக இருக்கட்டும். கடற்காற்று உடம்புக்கு ஒத்துக் கொள்கிறதா, கூட்டம் பிடிக்கிறதா, உணவு சரிப்படுகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிறகு தூர தேசத்துக்குப் பெருந்தொகை செலவழிக்கலாம்.

அதற்கு வழியும் பிறந்திருக்கிறது. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் விட முயன்ற அதே கடற்பிரதேசத்தில், 2022-இல் கார்டிலியா என்ற இந்தியக் கம்பெனியின் ‘எம்ப்ரஸ்’ கப்பல் சென்னையிலிருந்து உல்லாச யாத்திரை தொடங்கியது. 2023 ஜூனில் அது யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையையும் தொட்டது. ஆனால் அந்தக் கப்பல் 1990-இல் கட்டப்பட்டது, புதிதன்று. நம் நாட்டுக் கம்பெனி என்பதற்காகக் கேள்வி கேட்காமல் ஏறிவிட வேண்டியதில்லை. இடம் எவ்வளவு, செலவு எவ்வளவு, பருவம் எப்படி என்று அந்நியக் கம்பெனியிடம் கேட்கும் கேள்விகளை அதனிடமும் கேட்க வேண்டும். விவரம் தெரிந்து கேட்கும் பிரயாணிகள் பெருகினால்தான் நம் கரையிலிருந்து நல்ல கப்பல்கள் புறப்படும்.