டேம் 999: தேனி தியேட்டர்களுக்கு வராமலேயே பள்ளத்தாக்கைக் கொதிக்க வைத்த படம்... என்ன காரணம்?

ஆழ்கடல், இருட்டு, கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. தண்ணீரை வைத்து பயமுறுத்தும் படங்களுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு. ஆனால் தேனி மாவட்டத்தில் தண்ணீர் பற்றிய ஒரு படம் திரைக்கு வருவதற்கு முன்பே பெரிய அரசியல் பிரச்னையானது. 2011-ல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 'டேம் 999' தான் அந்தப் படம்.

தண்ணீர் படங்கள் ஏன் பயமுறுத்துகின்றன?

1989-ல் ஹாலிவுட்டில் ஆழ்கடல் திகில் படங்கள் வரிசையாக வந்தன. டீப்ஸ்டார் சிக்ஸ், லெவியாதன், ஜேம்ஸ் கேமரூனின் தி அபிஸ் எல்லாம் ஒரே வருஷத்தில் வெளியானவை. குறைந்த செலவில் படம் எடுப்பதில் பேர் போன ரோஜர் கோர்மனும் அதே ஆண்டு லார்ட்ஸ் ஆஃப் தி டீப் படத்தைத் தயாரித்தார்.

பட்ஜெட் கம்மி என்றால் நிஜமான கடல் தேவையில்லை. செட்டில் புகையைப் பரப்பி, நடிகர்களை மெதுவாக அசைய வைத்து, நீல வெளிச்சம் அடித்தாலே நீருக்கு அடியில் இருப்பது போலத் தெரியும். விலங்கை முழுசாகக் காட்டவும் வேண்டாம். மிச்சத்தைப் பார்ப்பவரின் பயமே பார்த்துக்கொள்ளும்.

இந்தப் படங்களில் வரும் ஆபத்து தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் முடிந்துவிடும். 'டேம் 999' விஷயத்தில் அப்படி இல்லை.

'டேம் 999' கதை என்ன?

கப்பல் துறையில் பணியாற்றிய சோஹன் ராய் இயக்கிய 3டி ஆங்கிலப் படம் இது. வினய், விமலா ராமன் உள்ளிட்டோர் நடித்தனர். ஒரு பழைய அணை உடைவதுதான் கதையின் மையம். 1975-ல் சீனாவின் பான்சியாவோ அணை உடைந்து பல்லாயிரம் பேர் பலியான சம்பவமே படத்துக்குத் தூண்டுதல், முல்லைப் பெரியாறு அல்ல என்று படக்குழு சொன்னது.

அப்புறம் ஏன் எதிர்ப்பு?

முதல் காரணம், தலைப்பு. முல்லைப் பெரியாறு அணைக்காக 1886-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் போடப்பட்ட குத்தகை ஒப்பந்தத்தின் காலம் 999 ஆண்டுகள். அந்த எண்ணைப் பார்த்ததும் இது எந்த அணை என்று தேனியில் யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது காரணம், நேரம். 2011 நவம்பரில் இடுக்கியில் ஏற்பட்ட நில அதிர்வுகளால் கேரளத்தில் அணை பற்றிய அச்சம் உச்சத்தில் இருந்தது. படத்தை எதிர்த்து தமிழக எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் குரல் எழுப்பினர். நவம்பர் 24-ல், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய நாள், தமிழக அரசு தடை விதித்தது.

டிசம்பரில் நிலைமை இன்னும் மோசமானது. அணைப் பிரச்னைக்காக கம்பம், கூடலூர் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் குமுளி நோக்கித் திரண்டனர். இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழ்த் தொழிலாளர்கள் பயந்து ஊர் திரும்பினர்.

தேனிக்கு இந்த அணை எவ்வளவு முக்கியம்?

பென்னிகுக் கட்டிய இந்த அணை 1895-ல் பயன்பாட்டுக்கு வந்தது. மேற்கே ஓடும் பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிடுவதுதான் திட்டம். லோயர் கேம்ப்பில் மின்சாரம், கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல், பிறகு வைகை வழியாக மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் வரை பாசனம், குடிநீர். அணை நிற்குமா என்பது கேரளத்தின் பயம். தண்ணீர் நின்றுவிடுமா என்பது இங்கே இருக்கும் பயம். இரண்டு பயமும் நிஜம்தான்.

அணை உண்மையில் எப்படி இருக்கிறது?

1979-ல் கேரளத்தின் கவலையை அடுத்து நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டு, பலப்படுத்தும் பணிகள் நடந்தன. 2010-ல் உச்ச நீதிமன்றம் நீதிபதி ஆனந்த் தலைமையில் குழு அமைத்தது. அப்போது ரிமோட்டில் இயங்கும் கேமரா வாகனத்தை நீருக்குள் இறக்கி, அணைச் சுவரை ஆய்வு செய்தனர். சினிமா கற்பனை செய்யும் இருட்டுக்குள் விஞ்ஞானிகள் நிஜமாகவே பார்த்தார்கள். அணை பாதுகாப்பாக இருக்கிறது என்றது குழு. 2014 மே 7-ல் 142 அடி வரை நீர் தேக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

தணிக்கையான படத்தை மாநிலம் தடுக்கலாமா?

தமிழ்நாடு திரையரங்கு ஒழுங்குமுறைச் சட்டம் 1955-ன் கீழ், பொது அமைதி கெடும் என்றால் திரையிடலை நிறுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் 'ஒரே ஒரு கிராமத்திலே' பட வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம், போராட்ட மிரட்டலைக் காட்டி கருத்துரிமையை நசுக்கக் கூடாது, அமைதியைக் காப்பது அரசின் கடமை என்று சொல்லியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்பதுதான் சிக்கல்.

பிரச்னை இதோடு முடிந்ததா?

இல்லை. 2025 மார்ச் 27-ல் வெளியான மோகன்லாலின் 'எம்புரான்' படத்தில் வேறு பெயரில் ஓர் அணை வந்தது. அது முல்லைப் பெரியாறைத்தான் குறிக்கிறது என்று கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் மறுபடியும் எதிர்ப்புத் தெரிவித்தனர். படத்தில் அணைக்கு எந்தப் பெயர் வைத்தாலும், கம்பத்து வயலில் நிற்பவருக்கு அது தன் வாய்க்காலில் வரும் தண்ணீர்தான்.