டிஸ்க் சுழல்கிறது, படம் வரவில்லை

பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய லேப்டாப் வீட்டில் எங்காவது கிடந்தால் அதைக் குப்புறக் கவிழ்த்துப் பாருங்கள். பல மாடல்களில் டிவிடி டிரைவைப் பிடித்து வைத்திருப்பது அடிப்பக்கத்தில் உள்ள ஒரேயொரு திருகுதான். பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்தத் திருகை எடுத்தால் டிரைவ் பக்கவாட்டில் உருவிக்கொண்டு வந்துவிடும். அதே பொந்தில் ப்ளூ-ரே டிரைவைச் செருகித் திருகை முடுக்கினால், ஹை டெபினிஷன் படம் பார்ப்பதற்கான கைவேலை முடிந்தது. விவகாரம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

கைவேலையிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. லேப்டாப் டிரைவ்கள் 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமனில் வந்தன. மெலிந்த பொந்தில் தடித்தது நுழையாது. இன்னும் பழைய லேப்டாப் என்றால் உள்ளே இருக்கும் இணைப்பு சாட்டா வகையா, அதற்கு முந்தைய ஐடிஇ வகையா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். டிரைவின் முகப்பில் உள்ள பிளாஸ்டிக் பட்டை ஒவ்வொரு லேப்டாப்பின் வளைவுக்கும் தனித்தனியாகச் செய்யப்பட்டது. முகப்பில் உள்ள ஊசித்துளையில் ஒரு பேப்பர் கிளிப்பை நீட்டி அழுத்தினால் தட்டு வெளியே வரும். பட்டையின் கொக்கிகளை நகத்தால் நெம்பி எடுத்துப் புது டிரைவில் மாட்டலாம். இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்களுக்கு யுஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் இருக்கிறது. அதில் வரும் தொல்லை மின்சாரம். யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர். டிஸ்க்கைச் சுழற்றத் தொடங்கும் கணத்தில் அது போதாமல் போனால் டிரைவ் முனகிவிட்டு நின்றுவிடும். சில வெளி டிரைவ்களோடு இரண்டு யுஎஸ்பி முனை உள்ள கேபிள் கொடுப்பது இதற்காகத்தான்.

தட்டு வெளியே வந்திருக்கும்போது லென்ஸைக் கொஞ்சம் பாருங்கள். சில ப்ளூ-ரே டிரைவ்களில் இரண்டு லென்ஸ் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று ப்ளூ-ரேவுக்கு, மற்றது பழைய சிடி, டிவிடிகளுக்கு.

சிடி, டிவிடி, ப்ளூ-ரே மூன்றுக்கும் ஒரே 12 சென்டிமீட்டர் விட்டம், ஒரே 1.2 மில்லிமீட்டர் கனம். மூன்றிலும் நடப்பதும் ஒன்றேதான். லேசர் ஒளியை லென்ஸ் குவித்து, டிஸ்க்குக்குள் இருக்கும் பளபளப்பான பூச்சில் ஒரு புள்ளியாக விழ வைக்கிறது. அங்கே சுருள் பாதையில் நுண்பள்ளங்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கின்றன. பள்ளங்களின் மேல் புள்ளி ஓடும்போது திரும்பி வரும் ஒளி கூடியும் குறைந்தும் வரும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் படமும் பாட்டும் இருக்கின்றன. புள்ளி சிறுக்கச் சிறுக்கப் பள்ளங்களை நெருக்கி அடுக்கலாம். புள்ளியைச் சிறிதாக்க இரண்டு வழி: ஒளியின் அலைநீளத்தைக் குறைப்பது, லென்ஸ் ஒளியைக் குவிக்கும் கூம்பை அகலமாக்குவது.

சிடியில் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. டிவிடியில் 650 நானோமீட்டர் சிவப்பு. ப்ளூ-ரேயில் 405 நானோமீட்டர் நீல ஊதா. லென்ஸின் குவிக்கும் திறனைக் காட்டும் எண் 0.45, 0.60, 0.85 என்று ஏறுகிறது. கணக்குப் போட்டால் புள்ளியின் குறுக்களவு ஏறக்குறைய 870, 540, 240 நானோமீட்டர். ப்ளூ-ரேயில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடையே உள்ள தூரம் 320 நானோமீட்டர்தான். டிவிடி லேசரின் புள்ளி அதில் விழுந்தால் பக்கத்துத் தடத்தையும் சேர்த்துத் தொட்டுவிடும். நொய்யரிசியில் கட்டைவிரலால் கல் பொறுக்குகிற கதைதான். ஏதாவது சாப்ட்வேர் போட்டுப் பழைய டிவிடி டிரைவிலேயே ப்ளூ-ரே பார்க்க முடியாதா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். ஒரு அடுக்கில் டிவிடி கொள்வது 4.7 ஜிபி, ப்ளூ-ரே கொள்வது 25 ஜிபி.

கூம்பை அகலமாக்கியதற்கு ஒரு விலை உண்டு. டிஸ்க் இம்மி சாய்ந்தாலும் புள்ளி கலைந்துவிடும். பூச்சுக்கு மேலே ஒளி கடந்துபோகும் பிளாஸ்டிக் எவ்வளவு தடிமனோ அவ்வளவு கலையும். டிவிடியில் 0.6 மில்லிமீட்டராக இருந்த அந்தப் பிளாஸ்டிக்கை ப்ளூ-ரேயில் 0.1 மில்லிமீட்டராக்கினார்கள். கீறல் பட்டால் தரவு போய்விடுமே என்ற பயத்தில் 2003இல் ஜப்பானில் வந்த முதல் ரெக்கார்டருக்கான டிஸ்க்குகளைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்தே விற்றார்கள். டிடிகே நிறுவனம் கீறலைத் தாங்கும் கெட்டிப் பூச்சைக் கண்டுபிடித்த பிறகுதான் கூடு போயிற்று.

நீல லேசரே எளிதில் கிடைத்ததல்ல. பெரிய ஆய்வகங்கள் பலவும் துத்தநாக செலினைடைக் கட்டிக்கொண்டு அழுதபோது, ஜப்பானின் ஷிகோகு தீவில் நிச்சியா என்ற கம்பெனியில் இருந்த சுஜி நகமுரா காலியம் நைட்ரைடைப் பிடித்துக்கொண்டார். 1993இல் பிரகாசமான நீல எல்இடி, அடுத்த சில ஆண்டுகளில் நீல ஊதா லேசர். எல்இடிக்காக அகசாகி, அமானோ ஆகியோருடன் சேர்த்து 2014இல் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. கண்டுபிடிப்புக்குக் கம்பெனி முதலில் கொடுத்த ஊக்கத்தொகை 20,000 யென். வழக்குப் போட்டு 2005இல் சமரசத்தில் வாங்கியது சுமார் 84 கோடி யென்.

லேசர் ஒன்றாக இருந்தும் டிஸ்க் இரண்டாகப் பிறந்தது. பழைய டிவிடி ஆலைகளிலேயே அச்சிடலாம் என்பதற்காக டொஷிபா அணி 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கை விடாமல் எச்டி டிவிடி என்ற தனி வகையைக் கொண்டுவந்தது. அடுக்குக்கு 15 ஜிபி. 2006இல் டொஷிபாவின் காஸ்மியோ லேப்டாப் ஒன்று அந்த டிரைவோடும், சோனியின் வயோ ஒன்று ப்ளூ-ரே டிரைவோடும் கடைக்கு வந்தன. விலை சாமானியன் கிட்டே போகிற மாதிரி இல்லை. அந்த வருஷக் கடைசியில் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டிக்காக மைக்ரோசாப்ட் 199 டாலரில் விற்ற எச்டி டிவிடி டிரைவை விவரம் தெரிந்தவர்கள் லேப்டாப்பின் யுஎஸ்பியில் செருகிப் படம் பார்த்தார்கள். கெட்டிக்காரத்தனம் ரொம்ப நாள் பலிக்கவில்லை. 2008 ஜனவரியில் படக் கம்பெனியான வார்னர் ப்ளூ-ரே பக்கம் சாய்ந்தது. பிப்ரவரி 19ஆம் தேதி டொஷிபா கடையைக் கட்டியது.

டிரைவ் டிஸ்க்கைப் படித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் எக்ஸ்பி என்றால் இங்கேயே முதல் முட்டு: ப்ளூ-ரே படங்களில் கோப்புகளை அடுக்கும் யுடிஎப் 2.50 முறை அதற்குத் தெரியாது, தனி டிரைவர் கேட்கும். அடுத்தது வேலைப்பளு. ப்ளூ-ரேயில் படம் மட்டுமே வினாடிக்கு 40 மெகாபிட் வரை பாயும். யுஎஸ்பி 2.0 இதைச் சுலபமாகத் தாங்கும். திணறுவது அதைப் பிரித்துக் காட்சியாக்கும் பிராசஸர். ஒரு பிரேமில் 1920க்கு 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். நம் ஊர் டிவிடியைப் போல ஐந்து மடங்கு. 2006ஆம் ஆண்டு லேப்டாப்புகளில் சண்டைக் காட்சி வந்தால் படம் விட்டு விட்டு ஓடும், விசிறி ஊளையிடும். 2007, 2008 வாக்கில் என்விடியா, ஏடிஐ, இன்டெல் மூன்றும் இந்த வேலையைச் செய்யத் தனிச் சுற்றைக் கிராபிக்ஸ் சில்லுக்குள்ளேயே வைத்துவிட்டதால் பிரச்சினை தீர்ந்தது.

தீராத பிரச்சினை பூட்டு. ப்ளூ-ரே படத்தில் ஒவ்வொரு துண்டும் ஏஏசிஎஸ் என்ற முறையில் 128 பிட் சாவியால் பூட்டப்பட்டிருக்கும். டிஸ்க்கைப் போட்டதும் டிரைவும் பிளேயர் சாப்ட்வேரும் ஒன்றுக்கொன்று சான்றிதழ் காட்டிக்கொள்கின்றன. சாப்ட்வேரின் சான்றிதழ் செல்லாது என்று டிரைவ் நினைத்தால் சாவி செய்யத் தேவையான எண்ணைக் கொடுக்காது. செல்லாதது எது என்று டிரைவுக்கு யார் சொல்வது? புதுப்பட டிஸ்க்குகள்தான்! ரத்துசெய்யப்பட்டவற்றின் பட்டியல் அவற்றில் வருகிறது. டிரைவ் அதைத் தன் நினைவில் எழுதி வைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு புதுப் படத்தைப் போட்டுப் பார்த்த ஒரே குற்றத்துக்காக, பட்டியலில் சிக்கிய சாப்ட்வேரில் நேற்றுவரை ஓடிய பழைய படமும் நின்றுபோகலாம். 2007இல் வின்டிவிடி சாப்ட்வேரிலிருந்து சாவி கசிந்தபோது அதன் பழைய சாவி ரத்தானது. காசு கொடுத்து வாங்கியவர்கள் எல்லோரும் அப்டேட் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. திருடனைப் பிடிக்க வைத்த பொறியில் வாடிக்கையாளர் கால் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

இந்தச் சாவிக்கெல்லாம் உரிமக் கட்டணம் உண்டு என்பதால் விண்டோஸில் ப்ளூ-ரே படம் ஓட்டும் வசதி எந்தக் காலத்திலும் உள்ளேயே வந்ததில்லை. விண்டோஸ் 8இல் டிவிடி ஓட்டும் வசதியையே எடுத்துவிட்டார்கள். உரிமச் சிக்கலைக் காரணம் காட்டி ஸ்டீவ் ஜாப்ஸ் 2008இல் ப்ளூ-ரேயை ஒதுக்கினார்; மேக் கணினிகளில் அந்த டிரைவ் கடைசிவரை வரவேயில்லை. ஆகவே பவர் டிவிடி மாதிரி ஒரு சாப்ட்வேரைத் தனியே காசு கொடுத்து வாங்க வேண்டும். விஎல்சி போன்ற இலவச சாப்ட்வேர்களுக்கு உரிமம் கிடையாது. பூட்டாத டிஸ்க் என்றால் பிரமாதமாக ஓட்டும், பூட்டிய டிஸ்க்கை அப்படியே ஓட்டாது. நம் காப்புரிமைச் சட்டத்திலும் 2012 திருத்தத்தில் 65ஏ பிரிவு சேர்ந்தது: உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை.

சாப்ட்வேர் சம்மதித்தாலும் திரை சம்மதிக்க வேண்டும். எச்டிஎம்ஐ வழியாகப் போகும் காட்சிக்கு எச்டிசிபி என்று இன்னொரு பூட்டு; விஜிஏவில் அது கிடையாது. லேப்டாப்பின் சொந்தத் திரையில் ஓடிய படம், விஜிஏ கேபிளில் பழைய புரொஜெக்டரை மாட்டியதும் மறுத்துவிடுவது இதனால்தான். கேபிளை மாற்றி மாற்றிச் செருகிப் பயனில்லை.

தமிழ்ப் படம் தேடி வாங்குபவர்களுக்குக் கூடுதலாக ஒரு எச்சரிக்கை. ப்ளூ-ரே உலகத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் சி. சிங்கப்பூர், மலேசியா ஏ. இங்கிலாந்து, பிரான்ஸ் பி. எல்லா டிஸ்க்கிலும் இந்தப் பூட்டு இருக்காது, ஆனால் லண்டனில் இருந்து மாமா வாங்கி வந்ததில் இருந்தால் சென்னை லேப்டாப்பில் ஓடாது. பிளேயர் சாப்ட்வேரில் பகுதியை மாற்றிக்கொள்ளலாம், குறிப்பிட்ட சில முறை மட்டும்.

2016இல் வந்த 4கே ப்ளூ-ரேயில் பகுதிப் பூட்டை எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு வேறொன்றை மாட்டினார்கள். கணினியில் அதை ஓட்ட, இன்டெல் பிராசஸருக்குள் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு அறை இருந்தாக வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் 2018இலிருந்து அந்த அறையில் ஓட்டைமேல் ஓட்டை கண்டுபிடித்தார்கள். 11ஆம் தலைமுறையிலிருந்து கோர் பிராசஸர்களில் இன்டெல் அதைக் கைவிட்டது. ஏஎம்டியில் அது எப்போதுமே இல்லை. விளைவு விசித்திரமானது: இன்று கடையில் இருக்கும் அதிவேக லேப்டாப்பில் உரிமம் பெற்ற சாப்ட்வேரை வைத்துக்கொண்டு 4கே டிஸ்க் பார்க்க முடியாது, 2018ஆம் ஆண்டு லேப்டாப் சிலவற்றில் பார்க்க முடிந்தது.

சாதாரண ப்ளூ-ரே போதும் என்றால் யுஎஸ்பி டிரைவும் உரிமம் உள்ள ஒரு சாப்ட்வேரும் இன்றும் வேலை செய்யும். சாப்ட்வேரை வாங்குவதற்கு முன் அதன் இலவச சோதனைப் பதிப்பில் ப்ளூ-ரே வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பல பதிப்புகளில் அதைத்தான் முதலில் எடுத்துவிடுகிறார்கள். 4கேதான் வேண்டும் என்றால் டிரைவின் விலையைக் கேட்பதற்கு முன் பிராசஸர் 7ஆம் தலைமுறைக்கும் 10ஆம் தலைமுறைக்கும் இடைப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அதோடும் முடியாது, மதர்போர்டும் திரையும்கூட ஒத்துவர வேண்டும். இவ்வளவுக்கும் ஆகிற செலவைக் கூட்டிப் பார்த்தால், டிவியோடு இணைக்கும் தனி பிளேயர் ஒன்றை வாங்கிவிடுவது மேல் என்பேன்.