பேசாத கோல்

எங்கள் பாடசாலை உயர்தர வகுப்பில் ஒரு மாணவன். கூச்ச சுபாவமுள்ளவன்; ஆதலால் பெயர் வேண்டாம். கலைவிழா நாடகத்துக்குத் தகரத் தகட்டைத் தொங்கவிட்டு இடிமுழக்கம் உண்டாக்கியவன் அவனே. வெண்பாவும் எழுதுவான், தளை தட்டும், ஆயினும் ஓசை இருக்கும். ஒரு மாலை அவன் என்னிடம் ஒரு கைத்தடியை நீட்டினான்.

தடியிலே ஒரு சவர்க்காரப் பெட்டி. அதனுள், வினாடிக்கு 40,000 அதிர்வுள்ள ஒலியை எழுப்பி அதன் எதிரொலியைக் கேட்கும் சிறு கருவி. மனிதச் செவி 20,000க்கு மேல் அறியாது. ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வது. ஒரு மீற்றர் தூரத்துச் சுவரில் மோதித் திரும்ப ஆயிரத்தில் ஆறு வினாடி போதும். அந்நேரத்தை அளந்து, தடை நெருங்க நெருங்கத் தடி விரைந்து கூவும். வௌவாலின் வித்தையும் இதுவே. இத்தகைய தடிகள் மேனாட்டுச் சந்தையில் உண்டு. விலைதான் எம்மவர்க்கு எட்டாது. இவனோ பார்வையிழந்த தன் அப்பப்பாவுக்காகக் கழிவுப் பொருள்களைக் கொண்டே செய்துவிட்டான்.

மறுநாள் அவர்கள் ஒழுங்கையிற் சோதனை. "நிலத்தில தட்டாதேங்கோ அப்பப்பா, நேரே நீட்டிப் பிடியுங்கோ" என்றான். பெரியவர் பத்தடி நடந்து நின்றார்.

"தம்பி, இது கத்துறதில சயிக்கிள் வாற சத்தமும் கேக்கேல்லை. எனக்குக் கண் காதிலயெல்லோ இருக்கு!"

அடுத்த அடி வாய்க்கால் விளிம்பில். பையன் பாய்ந்து பிடித்திராவிட்டால் விழுந்திருப்பார். முன்னோக்கிச் செல்லும் ஒலிக்குக் கீழேயுள்ள பள்ளம் தெரியாது. பழைய வேப்பந்தடிக்குத் தெரிந்திருக்கும்.

அன்றிரவு லூயி பிரெயிலை நினைத்தேன். பார்வையுள்ள பார்பியே வகுத்த எழுத்துமுறையில் ஓரெழுத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை. ஒரே தொடுகையில் விரலுக்கு அடங்கா. பார்வையற்ற மாணவனான பிரெயில் 1824இல், தன் பதினைந்தாம் வயதில், அவற்றை ஆறாக்கினான். தன் விரல் நுனியே அவனுக்கு அளவுகோல். அவன் படித்த பாடசாலை அம்முறையை முறைப்படி ஏற்றது 1854இல். அவன் இறந்து இரண்டாண்டு கழித்து.

இதை என் மாணவனுக்குச் சொல்ல எண்ணியிருந்தேன். அவன் வந்தபோது முழங்காலிற் சிராய்ப்பு. கண்ணைத் துணியாற் கட்டிக்கொண்டு விடியுமுன் ஒழுங்கையில் நடந்து பார்த்தானாம். சொல்லவந்ததை விட்டுவிட்டேன்.

கூவும் கருவியைக் கழற்றினான். பழுதான கைத்தொலைபேசி ஒன்றின் அதிர்வுப் பொறியைப் பிடியினுட் பொருத்தினான். இனிச் செய்தி உள்ளங்கைக்கு மட்டும். பெட்டியைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்தான். நிலத்தை வேப்பந்தடியின் நுனியே பார்த்துக்கொள்ளட்டும். தடி தொடாத நெஞ்சுயரத் தடைகளைக் கருவி பார்க்கட்டும் என்பது அவன் கணக்கு.

இரண்டாம் முறை பெரியவர் தட்டித் தட்டி நடந்தார். வாய்க்காலைத் தாமே விலகினார். அயல்வீட்டு வேலியருகே திடீரென நின்று, குனிந்து, அப்பாற் சென்று நிமிர்ந்தார். பின் வேலிக்கு உள்ளே கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"முருங்கைக் கொப்பை இன்னும் வெட்டேல்லைப் போல!"