அம்மாவின் தாலாட்டு பிளாப்பிக்குள் சிக்கியது! பரணில் கிடந்த டிரைவை வீட்டிலேயே பழுது பார்த்து மீட்டார் மகன்

சென்னை,

30 ஆண்டுகளுக்கு மேலாக கம்ப்யூட்டர் பிளாப்பிகளில் அடைபட்டுக் கிடந்த கிராமத்துத் தாலாட்டுப் பாட்டுகளை, பரணில் கிடந்த பழைய டிரைவைத் தானே பழுது பார்த்து மீட்டிருக்கிறார், மேற்கு மாம்பலத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற கணக்காளர் ஒருவர்.

என்ன செலவு? பஞ்சு, ஸ்பிரிட், தையல் மிஷின் எண்ணெய். அதோடு வெளிநாட்டில் இருந்து வரவழைத்த உள்ளங்கை அளவு போர்டு ஒன்று. அவ்வளவுதான்!

"பேரைப் போடாதீங்க சார். பாட்டு அம்மாவோடது. எனக்கு எதுக்குப் பேரு?" என்கிறார் அவர்.

கரையான் தின்ற நோட்டு

அவருடைய தாயார் திருவாரூர் பக்கத்து கிராமத்துக்காரர். தாலாட்டு, நடவுப்பாட்டு, ஒப்பாரி எல்லாம் மனப்பாடம். அவர் பாடப்பாட மகன் நோட்டில் எழுதினார். 1991-ல் இரண்டாம் கையாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியதும், ஆபீஸ் விட்டு வந்து ராத்திரியில் ஒவ்வொன்றாக அதில் அடித்து ஏற்றினார். 11 பிளாப்பிகள் நிறைந்தன.

2003-ல் தாயார் காலமானார். கம்ப்யூட்டர் பரணுக்குப் போனது. நோட்டுகளைக் கரையான் தின்றது. மிச்சம் அந்த 11 பிளாப்பிகள்தான்.

பேத்தி பிறந்ததும் "பாட்டி பாடின பாட்டு எங்கேப்பா?" என்று மகள் கேட்டாள். அப்போதுதான் பரணில் ஏணி சாய்ந்தது!

கடையில் கிடைக்காது

பிளாப்பி என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. காந்தப் பூச்சு பூசிய மெல்லிய வட்டத் தகடு. அதற்கு ஒரு சட்டை. 1971-ல் ஐ.பி.எம். கம்பெனி 8 அங்குலத்தில் கொண்டு வந்தது. 1976-ல் 5¼ அங்குலம் வந்தது. பிறகு சட்டைப் பைக்குள் அடங்கும் 3½ அங்குலம்.

இவருடையது 5¼ அங்குலம். ஒன்றில் 360 கிலோ பைட் கொள்ளும். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவை ஏற்ற 8, 9 பிளாப்பி வேண்டும். ஆனால் எழுத்துக்கு அது தாராளம். ஒரு புத்தகமே அடங்கும்.

3½ அங்குலத்துக்கு யு.எஸ்.பி.யில் செருகும் டிரைவ் உண்டு. 5¼ அங்குலத்துக்கு அந்த வசதி இல்லை. பழைய டிரைவையே எழுப்பியாக வேண்டும்.

விளக்கு அணையவில்லை

கம்ப்யூட்டர் செத்துப் போயிருந்தது. டிரைவை மட்டும் கழற்றினார். டிரைவுக்குத் தேவை 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும்தான். வேறொரு கம்ப்யூட்டரின் பவர் சப்ளை பெட்டியில் இருந்து அதைக் கொடுத்தார். (அந்தப் பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் மின்சாரம் தேங்கி நிற்கும்.)

34 கம்பி பட்டை ஒயரை மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் டிரைவின் விளக்கு எரிந்தது. எரிந்தது எரிந்தபடியே நின்றது!

பழைய மெக்கானிக்குகளைக் கேட்டால் சிரிப்பார்கள். ஒயரைத் தலைகீழாக மாட்டினால் அப்படித்தான். திருப்பி மாட்டியதும் விளக்கு அடங்கியது.

அடுத்த வில்லங்கம்: தகடு சுற்றியது, ஹெட் நகரவில்லை. ஹெட் என்பது டேப் ரிக்கார்டரில் இருப்பது போலத்தான், தகட்டைத் தொட்டுப் படிக்கும். இரண்டு கம்பிகள் மேல் முன்னும் பின்னும் ஓடும். அந்தக் கம்பியில் கம்பெனியில் தடவிய கிரீஸ் இறுகி, பழைய வெல்லப்பாகு மாதிரி கட்டிப் போயிருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்து எடுத்தார். தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டார். 'கட கட' என்று ஹெட் ஓடிய சத்தம் கேட்டதும் "அடுப்படியில இருந்து என் சம்சாரமே ஓடி வந்துட்டா" என்கிறார்.

பிறகு ஹெட்டைச் சுத்தம் செய்தார். ஐசோ புரொபைல் ஆல்கஹால் என்று கேட்டால் கிடைக்கும். பஞ்சு சுற்றிய குச்சியில் தொட்டு லேசாகத் துடைக்க வேண்டும். பழுப்பு நிறமாக அழுக்கு வந்தது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைத் தொடவே கூடாது, பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். மேல் ஹெட்டை ரொம்பத் தூக்கினாலும் போச்சு, அதன் மெல்லிய ஸ்பிரிங் வளைந்துவிடும்.

சொந்தப் பிளாப்பியை உடனே செருகினாரா என்றால், இல்லை. ஒன்றுக்கும் உதவாத பிளாப்பியை முதலில் ஓட விட்டு, தகட்டில் கீறல் விழுகிறதா என்று பார்த்தார். தன்னுடைய பிளாப்பிகளின் ஓரத்து வெட்டில் ஸ்டிக்கர் ஒட்டினார். அதை ஒட்டினால் படிக்கலாம், அழிக்க முடியாது.

"கை வைக்காதே!"

இங்கேதான் காரியம் கெட இருந்தது.

பக்கத்துத் தெருவில் டி.வி. ரிப்பேர் பார்க்கும் பழைய நண்பர் வந்திருந்தார். வேறு ஆபீசில் பதிந்த பிளாப்பி ஒன்றைச் செருகினார்கள். தட்டுத் தடுமாறியது. பாட்டுப் பிளாப்பி ஒன்றைச் செருகினார்கள். ஓரளவு படித்தது!

"ஹெட்டு கொஞ்சம் தள்ளி நிக்குதுப்பா. ஸ்குரூவைத் தளர்த்தி நேராக்கிடவா?" என்றார் நண்பர்.

"கை வைக்காதே!" என்று கத்தினாராம் இவர்.

காரணம் இதுதான். 360 கிலோ பைட் பிளாப்பியில் ஒரு அங்குலத்துக்கு 48 தடங்கள். ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் அரை மில்லி மீட்டர். டிரைவின் ஹெட் இம்மி விலகி நின்றால், அது பதிவதும் விலகியே பதியும். மற்ற டிரைவ் அதைப் படிக்கத் திணறும். பதிந்த டிரைவுக்கு அது நேர் தடம். 1991-லேயே இந்த டிரைவ் கோணலாக இருந்திருக்கிறது. அந்தக் கோணல்தான் பாட்டுக்குச் சாவி! முறைப்படி நேராக்கியிருந்தால் 11 பிளாப்பியும் ஊமையாகியிருக்கும். தவிர, அதை நேராக்க அளவு பிளாப்பியும் ஆசிலோஸ்கோப்பும் வேண்டும். கண் மதிப்பில் திருப்புவது வெறும் சூதாட்டம்.

சென்னையில் மட்டும்தான் இந்தப் பழசு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகர ரெயில்களை ஓட்டும் முறை 1998-ல் 5¼ அங்குல பிளாப்பியை நம்பி அமைக்கப்பட்டது. அதை மாற்ற 2024-ல்தான் ஒப்பந்தம் போட்டார்கள். ஜப்பான் அரசாங்கம், பிளாப்பியில் மனு கொடு என்ற விதிகளை ஒழித்து முடித்ததும் அதே 2024-ல்தான்.

புரியாத எழுத்து

"கிரீஸ்வீசில்" என்ற சின்ன போர்டு மூலம் டிரைவை இன்றைய கம்ப்யூட்டரோடு இணைத்தார். தகட்டின் காந்த மாற்றத்தை அப்படியே பிரதி எடுக்கும் கருவி அது. ஒரு தடத்தை எத்தனை சுற்று வேண்டுமானாலும் திரும்பத் திரும்பப் படிக்கும்.

பிரதி வந்தது. திறந்தால் தமிழ் இல்லை! ஏதோ கோழி கிறுக்கியது போல எழுத்துகள்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் சாப்ட்வேருக்கும் ஒவ்வொரு குறியீடு. சென்னையில் 1999-ல் நடந்த தமிழ் இணைய மாநாட்டில்தான் டாம், டாப் என்று பொதுக் குறியீடுகள் வகுத்தார்கள். யூனிகோடு தமிழ் பரவியது அதற்கும் பிறகு.

ஆனால் இவர் அசரவில்லை. 'ஆராரோ' என்று தொடங்கும் பாட்டு எது என்று இவருக்குத் தெரியும். ஆ, அடுத்து ர, துணைக்கால். பிறகு ரோவுக்கு இரட்டைக் கொம்பு, மறுபடி ர, மறுபடி துணைக்கால். டைப்ரைட்டரில் அடிப்பது போல கொம்பு முன்னால் வரும். திரும்பி வரும் இரண்டு குறிகளையும் பிடித்தார். அதில் இருந்து ஒவ்வொரு எழுத்தாக அட்டவணை போட்டார். 3 வாரம் ஆயிற்று.

11-ல் 8 பிளாப்பிகள் முழுசாக வந்துவிட்டன. ஒன்றில் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தது. பேத்தியை இப்போது அந்தத் தாலாட்டைப் பாடித்தான் தூங்க வைக்கிறார்கள். அவளுக்குப் பிடித்தது என்னவோ நடவுப்பாட்டுதானாம்!

மீதி இரண்டிலும் வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கிறது. அப்படியே செருகினால் பூசணம் ஹெட்டில் அப்பி, அடுத்த பிளாப்பியையும் கீறிவிடும். சட்டையை ஓரமாக வெட்டி, தகட்டை எடுத்துத் துடைத்து, வேறு சட்டைக்குள் போட வேண்டும். ஒப்பாரிப் பாட்டெல்லாம் அந்த இரண்டில்தான் இருக்கிறது. "காத்துல ஈரம் கொறையட்டும் சார், அவசரப்பட மாட்டேன்" என்று மழைக்காலம் முடியக் காத்திருக்கிறார்.