தனுஷ்கோடி மணலும் ஜீப் ரேடியேட்டரும்

2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கும்வரை, தனுஷ்கோடி பார்க்க வந்தவர்கள் முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கி வேறு வண்டிக்கு மாற வேண்டியிருந்தது. பழைய ஜீப்புகளும் வேன்களும் அங்கே காத்து நிற்கும். அதன்பின் மணல், சேறு, அலை விளிம்பு. வண்டி முதல் கியரிலும் இரண்டாவதிலுமாக உறுமிக்கொண்டே போகும். ரேடியேட்டருக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. தார்ச்சாலையில் அறுபதில் போகும்போது காற்று தானாக வந்து கிரில்லில் மோதும். மணலில் வேகம் பத்தைத் தாண்டாது. எஞ்சினோ முழு மூச்சில் உழைக்கும்.

கடற்கரையில் காற்றுக்கா பஞ்சம் என்று கேட்கலாம். வரைபடத்தைப் பாருங்கள். தனுஷ்கோடி முனை வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீள்கிறது. இங்கே வீசுவது கச்சானும் வாடையும்: ஒன்று தென்மேற்கிலிருந்து, மற்றது வடகிழக்கிலிருந்து. போகும்போதும் வரும்போதும் இரண்டும் வண்டியின் விலாவில்தான் அடிக்கும், முகத்தில் அல்ல. ஆளைத் தள்ளும் காற்றில் நின்றபடியே ஜீப் கொதிக்கும்.

இப்படிக் கொதிக்கும் பழைய ஜீப்பிலும், அதன் பின்பாதியை வெட்டிச் செய்த பிக்கப்பிலும் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றுவது நம் ஊரில் பழகிப்போன வேலை. உண்மையில் ஜீப்பில் வேறு எஞ்சின் ஏற்றுவதில் ஜீப் செய்த வில்லிஸ் நிறுவனமே முன்னோடி. 1953-இல் உயரமான புது எஞ்சினை அதே ஜீப்பில் நுழைக்க பானெட்டைத் தூக்கிக் கட்டியதால்தான் சிஜே-3பி பிறந்தது. மகிந்திரா பல்லாண்டு விற்ற அந்த உயர்ந்த மூக்கு ஜீப் அதுதான். (எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்டிஓ அலுவலகத்தில் முன் அனுமதி பெற்று ஆர்சி புத்தகத்தில் பதிய வேண்டும் என்பதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.)

மாற்றும்போது பெரும்பாலும் செய்யும் தவறு, குதிரைத்திறனை மட்டும் பார்ப்பது. பழைய வில்லிஸ் பெட்ரோல் எஞ்சின் 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன். அதற்குப் பதில் ஏற்றும் பெஜோ எக்ஸ்டிபி டீசல் 2.1 லிட்டர், ஏறக்குறைய அதே திறன். அப்படியானால் பழைய ரேடியேட்டரே போதுமா? மணலில் போதாது. பெட்ரோல் வண்டியில் யாரும் முழுத் திறனையும் நெடுநேரம் கேட்பதில்லை. டீசல் ஏற்றுவதே சுமை இழுக்கத்தான். மேலும் பெஜோவில் எரிப்பு ஒரு சிறு முன்னறையில் தொடங்குகிறது. அதன் சுவர்கள் வழியாக நிறைய வெப்பம் தண்ணீருக்குப் போய்விடும். முழுச் சுமையில் சக்கரத்துக்குப் போகும் ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமமாக, 40 கிலோவாட்டை ஒட்டி, ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டியிருக்கும். வீட்டு கீசர் 2 கிலோவாட். இருபது கீசரின் சூட்டை ஒன்றாக ஆற்றும் வேலை இது. அதற்கு நொடிக்குச் சுமார் ஒரு கன மீட்டர் காற்று ரேடியேட்டரின் கோர் (குழாயும் தகடும் சேர்ந்த பகுதி) ஊடே போயாக வேண்டும்.

அதனால் ரேடியேட்டர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தடிமனை அல்ல, முகப்பின் பரப்பை. குழாய் வரிசை மூன்றா நான்கா என்பதுதான் கடையில் பேச்சு. நான்காவது வரிசைக்கு வருவது முன்வரிசைகள் ஏற்கெனவே சுட்ட காற்று. கோர் தடித்தால் ஃபேனுக்கு இழுப்பதும் கடினம். இருக்கிற இடத்தில் அகலமும் உயரமுமாக எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு போடுங்கள். வரிசையைப் பிறகு எண்ணலாம். புது எஞ்சினின் ஃபேன் கோரின் நடுவே நிற்கிறதா என்பதும் முக்கியம். ஃபேனைச் சுற்றித் தகரக் கூண்டு இல்லாவிட்டால், அது முன்னிருந்து இழுக்காமல் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். என் கணக்கில், நூறு ரூபாயில் எழுபதை இந்தக் கூண்டிலும் ஃபேனிலும் போடலாம்.

மூடியிலும் கவனம் வேண்டும். அழுத்தம் கூடினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் கூடும்: 4 பவுண்டு மூடியில் சுமார் 107 டிகிரி, 15 பவுண்டில் 121. 15 பவுண்டு மூடி போடும் ஆசை நல்லதுதான். ஆனால் ஈயம் வைத்த பழைய பித்தளைத் தொட்டி 15 பவுண்டைத் தாங்காமல் வாய் பிளக்கும்.

செம்பா அலுமினியமா? வெப்பம் கடத்துவதில் செம்புதான் கெட்டி. ஆனால் குழாயையும் தகட்டையும் ஒட்டும் ஈயம் மந்தம். அலுமினியம் எடை குறைவு, குழாயை அகலமாக வைக்கலாம். இந்தக் கரையிலோ உப்பு இரண்டையும் விடாது. செம்புத் தகடு பச்சைக் களிம்பு பூத்துப் பொடியும். அலுமினியத்தில் ஊசிக்குத்துப் போல ஓட்டை விழும், அதுவும் இரும்புச் சட்டத்தை நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் இன்னும் சீக்கிரம். இது ராமேசுவரம் விசைப்படகுக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி. லேலண்டு போன்ற லாரி எஞ்சின்கள் படகில் ஏறும்போது ரேடியேட்டரைத் துறந்துவிடுகின்றன, கடலே அவற்றுக்கு ரேடியேட்டர். ஆனால் உப்புநீரில் வேறுவேறு உலோகங்கள் சேர்ந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னும் என்பதால், தின்னக் கொடுக்கவே துத்தநாகக் கட்டி பொருத்துவார்கள். ஜீப்பில் ரேடியேட்டரை ரப்பர் மெத்தை வைத்துப் பொருத்தினாலே பாதித் தொல்லை போகும். நான் செம்பு–பித்தளையையே தேர்வேன். ராமநாதபுரத்தில் எந்தப் பட்டறையிலும் ஈயம் வைத்துச் சரிசெய்யலாம். கரைக்குப் போய்வந்தால் நல்ல தண்ணீரால், எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக மெல்லக் கழுவ வேண்டும்.

உள்ளே ஊற்றுவது கிணற்றுத் தண்ணீராக இருக்கவே கூடாது. இந்த மாவட்டத்து உப்புநீர் குழாயில் பாறை கட்டும். காவிரிக் குடிநீரும் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் போதும். தண்ணீர் உறையாத ஊரில் கூலன்ட் எதற்கு என்றால், துருத் தடுப்புக்கு. கொதித்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பட்டறைகளில் பழைய வைத்தியம். சில எஞ்சின்களில் அது போனால் சூடான நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றும்.

எல்லாம் பொருத்திய பின்னும் சூடு ஏறினால், மணலில் ஓட்டியபடியே மேல் ஓஸ், கீழ் ஓஸ் இரண்டிலும் வெப்பநிலை பாருங்கள். இரண்டும் கொதித்து வித்தியாசம் சொற்பமாக இருந்தால் காற்று போதவில்லை, ஃபேனையும் கூண்டையும் பார்க்க வேண்டும். மேலே கொதித்துக் கீழே ஆறிக் கிடந்தால் தண்ணீர் ஓடவில்லை: பம்ப் பெல்ட்டோ, உப்பு அடைத்த குழாயோ.