உஷார்! மெட்டி இறுகினால் சும்மா இருக்காதீர்கள்

வளைகாப்பு முடிந்து பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறீர்களா? அடுப்பை அணைத்துவிட்டு வந்து இதைப் படியுங்கள். உங்கள் வீட்டில் இல்லை, எதிர்வீட்டில்தான் கர்ப்பிணி இருக்கிறாள் என்றாலும் படியுங்கள். எதிர்வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. பெண்ணோடு சீர்த்தட்டு வந்தது, பட்டுப்புடவை வந்தது, ஏழு வகை சாதம் வந்தது. அவளுடைய தாய் சேய் நல அட்டை வந்ததா?

வரவில்லை என்றால் உஷார்!

எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் நடந்தது இது. ஊர்ப் பெயரும் வேண்டாம், பெண்ணின் பெயரும் வேண்டாம். 23 வயது. தலைச்சன் பிள்ளை. புகுந்த வீட்டு ஊரில் கடைசியாகச் செக்கப்புக்குப் போனபோது பிரஷர் 140/90 இருந்திருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் அதை அட்டையில் எழுதி, "அடுத்த வாரம் கட்டாயம் வாம்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த வாரம்தான் வளைகாப்பு. சாயங்காலமே தாய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அட்டை மட்டும் மாமியார் வீட்டு பீரோவில், கல்யாணப் புடவைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

பத்திரமாக!

தாய் வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் கால் வீங்கியது. கொலுசைக் கழற்றி வைத்தாள். மெட்டியைக் கழற்ற முடியவில்லை. விரலில் இறுகிப் போய், சுற்றினால் சுற்றவில்லை. "நீர் இறங்குது, பார்லிக் கஞ்சி குடி, சரியாப் போயிடும்" என்றார் பாட்டி. பாட்டியைத் திட்டாதீர்கள். மாதம் ஏற ஏறக் கால் லேசாக வீங்குவது நிறைய பேருக்கு நடப்பதுதான். படுத்து எழுந்தால் வடிந்துவிடும். இவளுக்கு வடியவில்லை. முகமும் உப்பியது. தினம் பூ கொண்டுவருகிற அம்மா, "முகம் பூரிச்சுக் கெடக்கே பாப்பா, பொட்டப்புள்ளதான்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அப்புறம் தலைவலி. ரெண்டு நாள். சுக்கை உரசிப் பத்துப் போட்டார்கள். "ரொம்ப வலிக்குதாடி?" என்று அம்மா கேட்டதற்கு, "லேசாத்தாம்மா" என்றாளாம். நெஞ்சுக்குழியில் வலி வந்தபோது வாயு என்று ஓமத்தண்ணீர். கண்முன் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்றபோது, ராத்திரியெல்லாம் செல்போனை நோண்டினால் இப்படித்தான் என்று திட்டு.

மறுநாள் விடிகாலை நாலு மணிக்கு ஜன்னி கண்டது.

கை கால் வெட்டி இழுத்தது. பல் கிட்டிக்கொண்டது. வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல் அத்தனையும் சிமெண்ட் தரையில் அடிபட்டுச் சில்லுச் சில்லாய்ச் சிதறியது. யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். யாரோ கார் தேடி ஓடினார்கள். அந்தத் தெருவில் கார் வைத்திருப்பது ஒரே ஆள், அவர் அன்றைக்குத் திருச்செந்தூர் போயிருந்தார். "108க்கு அடிங்க" என்று ஒரு பள்ளிக்கூடப் பையன் கத்தும்வரை அரைமணி நேரம் போய்விட்டது. ஆம்புலன்சில் வந்தவர் ஒரு கையால் ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவள் மணிக்கட்டில் குத்தியிருந்த வளையல் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாராம். அவள் அம்மா என்னிடம் சொன்னது இது ஒன்றைத்தான். திரும்பத் திரும்ப.

பெண் பிழைத்துவிட்டாள். குழந்தை மூன்றாம் நாள் போய்விட்டது.

கால் வீக்கம், தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குழி வலி. நாலும் தனித்தனி உபாதை என்று நினைத்து நாலுக்கும் தனித்தனியாக வைத்தியம் பார்த்தார்கள். நாலும் ஒன்றுதான் அம்மா! கர்ப்பத்தின் பாதிக்கு மேல் சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறும். சிறுநீரில் புரதம் இறங்கும். மூளை பாதிக்கப்படுவதால்தான் அந்தத் தலைவலி. ஈரல் பாதிக்கப்படுவதால்தான் வலது விலாவுக்குக் கீழேயும் நெஞ்சுக்குழியிலும் வலி. கைப்பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தால் ரெண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஜன்னி வராமல் தடுக்க மெக்னீசியம் சல்ஃபேட் என்று ஊசி இருக்கிறது. விலை அதிகமில்லாத, பழைய மருந்து. 2002ல் பல நாடுகளில் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வில், அதைப் போட்டவர்களுக்கு ஜன்னி வருவது பாதிக்கும் கீழே குறைந்தது. ஆனால் ஊசி ஆஸ்பத்திரியில் இருக்கிறது. பெண் வீட்டில் இருக்கிறாள்.

இன்னொன்றும் கேளுங்கள். பிள்ளை பிறந்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். ஜன்னி பிரசவத்துக்குப் பிறகும் வரும்!

எனக்கு ஆறாத விஷயம் வேறு. அந்தப் பெண்ணைச் சுற்றி ஆள் இல்லாமல் இல்லை. மாமியாருக்குப் பிரஷர் தெரியும். பூக்கார அம்மாவுக்கு முகவீக்கம் தெரியும். பாட்டிக்குக் கால் தெரியும். அம்மாவுக்குத் தலைவலி தெரியும். அந்த ஊர் செவிலியருக்குப் பெண் கிளம்பிப்போனது தெரியும், எந்த ஊருக்கு என்று தெரியாது. இந்த ஊர் செவிலியருக்கு இப்படி ஒருத்தி வந்திருப்பதே தெரியாது. ஆளுக்கு ஒரு துண்டு கையில் வைத்திருந்தார்கள். சேர்த்துப் பார்க்க ஒருவரும் இல்லை. தலைச்சன் பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் ஒரு செவிலியர் கையிலிருந்து இன்னொரு செவிலியர் கைக்குப் போகும் இந்த இடைவெளியில்தான் பெண் தவறி விழுகிறாள்.

கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்குகிறோம். எதற்கு? கேட்டுப் பாருங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் உதவிக்கு, பிறப்புச் சான்றிதழுக்கு என்பார்கள். வாங்குங்கள், உங்கள் உரிமை. ஆனால் அந்த எண்ணுக்கு முதல் வேலை பணம் இல்லை. இவள் யார், எத்தனை மாதம், என்ன பிரச்சினை என்று புது ஊர் செவிலியருக்குச் சொல்வதுதான். பெண் வந்த மறுநாளே அட்டையையும் எண்ணையும் எடுத்துக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்குப் போய், "எங்க பொண்ணு வந்திருக்கா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தால், இந்தக் கதையை நான் எழுத வேண்டியே வந்திருக்காது.

"இப்பவெல்லாம் எல்லாரும் ஆஸ்பத்திரியிலதானே பெத்துக்கிறாங்க?" என்பீர்கள். உண்மைதான். தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். 2004-06ல் ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு 111 தாய்மார் இறந்தார்கள். 2018-20ல் அது 54. அந்தச் சமயத்தில் இந்திய சராசரி 97. நாம் பெருமைப்படலாம். ஆனால் பக்கத்திலிருக்கும் கேரளாவில் அதே கணக்கு 19! மிச்சமிருக்கும் உயிர்கள் பிரசவ அறைக்குள் மட்டும் போவதில்லை. வீட்டில் "பார்த்துக்கலாம்" என்ற நேரத்திலும், வழியிலும் போகின்றன.

ஊரே ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒருசிலர் மட்டும் வீடியோவைப் பார்த்து வீட்டிலேயே பெற்றுக்கொள்ளப் பார்க்கிறார்கள். 2018 ஜூலையில் திருப்பூரில் அப்படித்தான் ஆனது. குழந்தை பிறந்தது. தாய் ரத்தப்போக்கில் போய்விட்டார். "இயற்கை" என்று யாராவது வாட்ஸாப்பில் பேசினால் இதைச் சொல்லுங்கள்.

ரத்தப்போக்கு என்றால் எவ்வளவு? ரெண்டு டம்ளர் அளவைத் தாண்டினாலே ஆபத்து. புடவையில் ஊறியதை யார் அளக்கிறார்கள்? நம் ஊர் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏற்கெனவே ரத்தசோகை. ரத்தம் குறைவாக இருப்பவளால் கொஞ்சம் போனாலே தாங்க முடியாது. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் கறுக்கும், வயிறு புரட்டும். அதனால்தான் பாதி மாத்திரை அலமாரியிலேயே கிடக்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள், டீயோடு வேண்டாம். பிரசவத்தோடு நிறுத்தவும் வேண்டாம். அதற்கப்புறமும் ஆறு மாதம் போட வேண்டும்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். வீட்டில் உள்ள ஆம்பிளைகளையும் படிக்கச் சொல்லுங்கள்.

விடாத தலைவலி. கண் மங்கல். முகமும் விரலும் வீங்குவது. மெட்டி, மோதிரம் இறுகுவது. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே பிரஷர் பாருங்கள்.

எந்த மாதத்திலும் ரத்தம் பட்டால், ஒரு சொட்டானாலும், கிளம்புங்கள்.

பனிக்குடம் உடைந்து தண்ணீர் போனால் வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாதம் நிறையும் முன்பே விட்டுவிட்டு வலிக்கிறதா? சூட்டு வலி என்று சீரகக் கஷாயம் கொடுத்துப் படுக்கப் போடாதீர்கள். ராகுகாலம் போகட்டும் என்று திண்ணையில் உட்காராதீர்கள்!

குழந்தை அசைவது குறைந்துவிட்டது என்று அவள் சொன்னால் நம்புங்கள். அவளுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

ஜன்னி வந்துவிட்டால் வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், சாவிக்கொத்து வேண்டாம். இடதுபுறமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108.

பிரசவமாகி வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், கெட்ட வாடையோடு கசிவு, ஒற்றைக் கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது: எல்லாமே அவசரம்தான். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருக்கும் என்று இன்னமும் சில வீடுகளில் சொம்பை ஒளித்து வைக்கிறார்கள். பால் எங்கிருந்து ஊறும்? கொடுங்கள் அம்மா, தாராளமாகக் கொடுங்கள்.

குழந்தை பால் குடிக்க மறுத்தால் மாந்தம் என்று உட்காராதீர்கள். உடம்பு ஜில்லிட்டாலும் கொதித்தாலும், நிமிஷத்துக்கு 60 தடவையோ மேலோ மூச்சு விட்டாலும், நெஞ்சு உள்வாங்கினாலும், உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சள் பரவினாலும், தொப்புளில் சீழ் வைத்தாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பச்சைப்பிள்ளை அழுதுகூடச் சொல்லாது, துவண்டு போகும். அவ்வளவுதான். தெருவில் கழுதைப்பால் என்று கூவி வருகிறார்களே, ஒரு சங்கு புகட்டினால் சளியே பிடிக்காது என்று? காய்ச்சாத பால், கழுவாத சங்கு. பிறந்த சிசுவின் வயிற்றுக்குள் கிருமியை நீங்களே காசு கொடுத்து ஊற்றுகிறீர்கள். மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதும் அப்படித்தான். நுரையீரலுக்குள் போய்விடும்.

இதெல்லாம் ஒரு வீடு மட்டும் செய்து முடிகிற காரியம் இல்லை. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் மூன்று மாவட்டங்களில், ஏக்ஜுட் என்ற அமைப்பு ஒரு வேலை செய்தது. பெரும்பாலும் பழங்குடிக் கிராமங்கள். புது ஆஸ்பத்திரி கட்டவில்லை. மாதம் ஒருமுறை பெண்களை வட்டமாக உட்கார வைத்துப் பேச வைத்தார்கள். படம் காட்டி, கதை சொல்லி, நம் ஊரில் எதனால் குழந்தை சாகிறது, நாம் என்ன செய்யலாம் என்று அவர்களையே கேட்டார்கள். மூன்று வருஷ முயற்சியின் கடைசி இரண்டு வருஷத்தில், கூட்டம் நடக்காத ஊர்களைவிடப் பச்சிளம் குழந்தைகளின் சாவு 45 சதவீதம் குறைவாக இருந்தது. 2010ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கு இது.

நம் ஊரில் மகளிர் குழுக் கூட்டம் ஏற்கெனவே நடக்கிறது. கடன் தவணை வசூலித்து முடித்ததும் பத்து நிமிஷம் போதும். இந்த மாதம் நம் தெருவில் யார் யார் மாசமாக இருக்கிறார்கள்? யார் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள்? அட்டை இருக்கிறதா? பிரஷர் எப்போது பார்த்தார்கள்? ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எழுந்து வருகிற ஆட்டோக்காரர் இருவர் யார்? ஒருவர் போதாது, ஒருவர் திருச்செந்தூர் போய்விடுவார். கர்ப்பிணியின் ரத்த வகை என்ன, அதே வகை தெருவில் யாருக்கு இருக்கிறது? நெகட்டிவ் வகை என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். குழந்தை பாசிட்டிவாக இருந்தால், அது பிறந்த 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஊசி போட்டாக வேண்டும்.

ஆண்களே, நீங்கள் நழுவாதீர்கள். 108 எந்த வழியாக வரும், எந்தச் சந்தில் திரும்ப முடியாது என்று தெரிந்தவர்கள் நீங்கள்தான். வண்டி கேட்டுவிட்டால் ஒருவர் டார்ச்சோடு மெயின் ரோட்டில் போய் நில்லுங்கள்.

இதைப் படித்து முடித்த கையோடு எழுந்து போங்கள். பெண் உள்ளே படுத்திருப்பாள். கால் மாட்டில் உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழுகிறதா என்று. மெட்டியைச் சுற்றிப் பாருங்கள். தலை வலிக்கிறதா என்று கேளுங்கள். "லேசாத்தாம்மா" என்பாள். ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.