தங்க அட்டைக்கு ஏழு சிலிண்டர்!

எங்கள் வீட்டு பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தங்க அட்டை இருந்தது. தங்கம் என்றதும் ஆசைப்படாதீர்கள், வெறும் பிளாஸ்டிக்தான்! ஒரகடத்தில் வேலை பார்க்கும் என்னவர் டில்லி, புனே என்று அடிக்கடி விமானத்தில் போய் வருகிறவர். பறக்கப் பறக்கப் புள்ளி சேரும். முதலில் வெள்ளி அட்டை, அப்புறம் தங்கம். அதைக் காட்டினால் விமான நிலையத்தில் தனி வரிசை, சொகுசு அறையில் காபி, டிபன்.

போன டிசம்பரில் ஒரு நாள் காபியை ஆற்றிக்கொண்டே, "வருஷ முடிவுக்குள்ள ரெண்டு டிரிப் குறையுதும்மா. ஞாயித்துக்கிழமை டில்லி போயிட்டு ராத்திரியே வந்துடறேன்" என்றார்.

"அங்கே என்ன வேலை?"

"வேலை ஒண்ணுமில்லே. போகணும், வரணும். இல்லேன்னா தங்கம் வெள்ளியாயிடும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இலவச ஜாக்கெட் துண்டுக்காக நான் இன்னொரு புடவை எடுத்தால் கேலி செய்கிறவர் இவர்தானே!

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-ல் பிரபலமாக்கிய பழக்கம் இது. இப்போது ஏர் இந்தியாவுக்கு 'மகாராஜா கிளப்', இண்டிகோவுக்கு 'புளூசிப்'. டிக்கெட் காசு ஆபீஸுடையது, புள்ளி மட்டும் போகிறவருக்கு. மத்திய அரசு ஊழியர்கள் மட்டும், அலுவல் பயணத்தில் சேர்ந்த புள்ளியை அலுவலுக்கே செலவிட வேண்டும் என்று விதி உண்டு. நல்ல விதி!

கணக்கு நோட்டை எடுத்தேன். டில்லிக்குப் போய்வர ஒருவர் பங்குக்குச் சுமார் 300 கிலோ கரியமில வாயு. நம் 14.2 கிலோ சிலிண்டர் முழுவதும் எரிந்தால் சுமார் 42 கிலோ.

"ஏழு சிலிண்டருங்க! ஏழு மாசம் நான் சமைக்கிறதை ஒரே ஞாயித்துக்கிழமையில ஊதித் தள்ளிடுவீங்க!"

"நான் ஏறலேன்னாலும் விமானம் போகத்தானே போகுது?"

நியாயமான கேள்விதான். ஆனால் ஸீட்டு நிறைய நிறையத்தானே விமானங்களும் பெருகுகின்றன? உலக மக்களில் நூற்றுக்கு ஒருவர் பறப்பதே பயணிகள் விமானப் புகையில் பாதிக்குக் காரணம் என்று 2020-ல் வந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அடிக்கடி பறக்கிறவர்களுக்குப் பரிசு தருவதையே நிறுத்துங்கள் என்று, பிரிட்டனின் பருவநிலைக் குழுவுக்காக 2019-ல் எழுதப்பட்ட அறிக்கை சொன்னது.

அவ்வளவு தூரம் எதற்கு? சென்னைக்கு இன்னொரு விமான நிலையம் வேண்டுமென்று எங்கள் பக்கத்துப் பரந்தூரை 2022-ல் அறிவித்தார்கள். வயலும் ஏரியும் போய்விடும் என்று ஏகனாபுரத்துப் பெண்கள் பிள்ளைகளோடு போராட்டத்தில் வந்து உட்கார்ந்தார்கள். விமான நிலையம் தேவையா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் அந்தத் தேவைக் கணக்கில், அட்டைக்காகப் பறக்கிற பயணமும் சேர்ந்திருக்குமே என்பதுதான் என் உறுத்தல். அதையும் அவரிடம் சொன்னேன். பதில் இல்லை.

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியார், "வாரத்துல ஒருநாள்தான் புள்ளைங்க உன்னைப் பாக்குதுங்க. அன்னிக்கும் ஆகாசத்துலயாடா இருப்பே?" என்று ஒரு போடு போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில்தான் இருந்தார். ஜனவரியில் வெள்ளி அட்டை வந்தது. "சொகுசு அறை போச்சு" என்று இரண்டு நாள் முணுமுணுப்பு. பெங்களூருக்கு மட்டும் இப்போது ரயிலில் போகிறார். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி கட்டிக் கொடுக்கிறேன். டப்பா காலியாகத்தான் திரும்புகிறது.